வைக்கோல் சுற்றிய பானை

சார், அந்தப் பைய நடுவுல வைக்காதீக. மடியில வச்சுக்கிருங்க. கோவிச்சுக்கிறாதீக, பக்கத்துல மூடுன பை இருந்தா எனக்கு ஒரு மாதிரியா இருக்கும். உள்ள என்னா இருக்கு? துணியா. துணி மட்டும்தானா? சரி, நம்புறேன்.

ராமநாதபுரந்தான் போறீகளா? நானும் அங்கனதான். பதினோரு மணிக்குத் தீவுத் திட்ட ஆபீஸ்ல இருக்கணும். நீங்க அந்தத் திட்டத்து ஆளு இல்லையே? எந்தத் திட்டம்னு கேக்குறீக. கேக்குற தோரணையப் பாத்தா ஆளு இல்ல போலத்தான் தெரியுது. ஆனா அவுகளும் இப்படித்தான் ஒண்ணும் தெரியாத மாதிரி கேப்பாக. கழுத்துல தூரத்துல பாக்குற கண்ணாடி தொங்கல, அதனால உக்காந்து பேசுறேன்.

ஏன் கேக்குறேன்னா, என்கிட்ட ஒரு பேப்பர் இருக்கு. இந்தா, நனையாம கவர்ல போட்டு வச்சிருக்கேன். நேத்து சாயங்காலம் வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போனாக. நாளைக்கு ஆபீசுக்கு வந்து சாட்சிக் கையெழுத்துப் போடுங்கம்மான்னு சொன்னாக. எனக்கு என் பேர எழுதத் தெரியும். நம்புவள்ளி. அதுக்கு மேல ஒரு எழுத்து தெரியாது. எங்க ஊரு நொச்சிவாடியில படிச்சவுக இல்லாம இல்ல. ஆனா யார நம்பிக் குடுக்க? பாதிப் பேரு இன்னாசின்னு ஒருத்தன் பக்கம். மீதிப் பேரு ஆபீஸ் பக்கம். அசலூர் ஆளு ஒருத்தரு பஸ்ல கெடைச்சா வாசிக்கச் சொல்லலாம்னு வந்தேன். மொதல்ல இந்த சீட்டுல ஒரு பிள்ளை வந்து உக்காந்துச்சு. அது பேனாவச் சொருகியிருந்த லட்சணத்தப் பாத்தா ஆபீஸ்காரி மாதிரி இருந்துச்சு, வாயத் தொறக்கலையே நானு.

இருங்க, இப்பவே குடுக்க மாட்டேன். மொதல்ல நடந்ததக் கேளுங்க. கேட்டுட்டு வாசிச்சாத்தான் எழுதுனதுல எங்கன கோளாறு இருக்குன்னு உங்களுக்குப் பிடிபடும். கோளாறு இருக்கும். கோளாறு இல்லாமயா வீடு தேடி வந்து குடுத்துட்டுப் போவாக?

எனக்குத் தொழில் பாசி எடுக்கிறது. கடலுக்குள்ள பாறையில மொளைக்கிற பாசிய முங்கிப் பிடுங்கி, கரைக்குக் கொண்டாந்து காயவச்சு விக்கிறது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசின்னு அதுல பல தினுசு. விரல்ல துணியச் சுத்திக்கிட்டு, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கிட்டுக் காலையில எறங்குனா அஞ்சு மணி நேரம் தண்ணியிலதான். தனியா முங்கக் கூடாது. சோடி போட்டுத்தான் முங்குவோம். ஒருத்தி உள்ள போனா ஒருத்தி மேல நின்னு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணணும். எண்பது தாண்டியும் ஆளு வரலைன்னா இவ முங்கி முடியப் பிடிச்சு இழுத்தாரணும். என் சோடி பிலோமினா. இன்னாசி பொண்டாட்டி. அவ வேதக்காரி, நா அம்மன் கும்பிடுறவ, அதெல்லாம் எங்களுக்குள்ள கெடையாது. இருபத்தி ரெண்டு வருசம் நா முங்க அவ எண்ணுனா. அவ முங்க நா எண்ணுனேன்.

கரையில இருந்து வல்லத்துல ஒரு மணி நேரம் போனா ஆலாத்தீவு. ஆலாங்கிறது கடல் குருவி சார். ஒடம்பு வெள்ளையா, உச்சந்தலை மட்டும் கறுப்பா, மீனக் கண்டா மேல இருந்து குத்துன மாதிரி விழும். கூடு கீடெல்லாம் கட்டாது, வெறும் மணல்லயே முட்டை போடும். அந்தத் தீவச் சுத்தித்தான் பாசி நல்லா இருக்கும். முங்கி முங்கி ஒடம்பு வெறைச்சுப் போனா கரையேறி மணல்ல கொஞ்ச நேரம் கெடக்கணும், கஞ்சி குடிக்கணும், பொம்பளைக ஒதுங்க எடம் வேணும். அந்தத் தீவத்தான் கவர்மெண்டுல ஏழு வருசம் மூடிப் போட்டாக. காலு வச்சா கேசு. நாப்பது பொம்பளைக, ஏழு வருசம், வல்லத்துலயே ஒண்டிக்கிட்டு, வல்லக்கார ஆம்பளைக்கு முன்னால அடக்கி அடக்கி உக்காந்திருந்தோம். எனக்குக் கல்லடைப்பு வந்தது அதனாலதான்னு ஆஸ்பத்திரியிலயே சொன்னாக. சிரிக்காதீக. சிரிக்கலையா? சரி.

அந்த ஏழு வருசத்துக்கு நடுவுலதான் ஒரு பறவை மேடம் வந்துச்சு. தேன்மொழின்னு பேரு, மெட்ராஸ் பக்கம். சர்ச்சுக்கு முன்னால எல்லாரையும் கூட்டிவச்சுச் சொல்லுச்சு. தீவுல எலி பெருகிக் கெடக்காம். எந்தக் காலத்துலயோ வல்லத்துல வலை மூட்டையோட போன எலியாம். ஆலா முட்டை, குஞ்சு ஒண்ணு விடாமத் தின்னுருதாம். எலிய ஒண்ணு மிச்சமில்லாம ஒழிச்சுட்டா ஆலா திரும்ப வருமாம், அதோட எச்சம் கடல்ல கரைஞ்சு பாறைக்கு ஒரமாகுமாம், பாசியும் மீனும் கூடுமாம். குருவிப் பீயில பாசி வளருமாம் சார்! நாப்பது வருசமா பாசியோட கெடக்குற என்கிட்ட சொல்லுது. காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாமா?

எலியக் கொல்ல எங்க வீட்டுல ஒரு பொறி போதும். தினம் ஒண்ணு விழும். இவுக என்னான்னா மூணு வல்லம், பன்னெண்டு ஆளு, பெட்டி பெட்டியா மருந்து. இம்புட்டும் எலிக்கா? தீவுல ஓட்டல் கட்டப் போறாகன்னு நா அன்னைக்கே சொன்னேன். ஒருத்தியும் நம்பல. இன்னும் கட்டல, அது வேற விசயம்.

மருந்து நீலமா, மெழுகு கட்டி மாதிரி இருக்கும். முப்பது நாப்பது அடிக்கு ஒரு பெட்டின்னு தீவு பூராம் வச்சாக. ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு காலு. ஏன் காலுன்னு கேட்டேன். நண்டு ஏறித் தின்னுறக் கூடாதுல்லன்னுச்சு மேடம். தின்னா செத்துருமான்னு கேட்டேன். நண்டுக்கு ஒண்ணும் ஆகாது, எலிக்குத்தான் ஆகும், நண்டே தின்னு தீத்துட்டா எலிக்கு மிஞ்சாதுன்னுச்சு. ஒரே மருந்து, ஒண்ணு சாகும் ஒண்ணு சாகாதாம். நா தலைய ஆட்டிக்கிட்டேன், ஆனா மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

ஆனா ஒரு பேச்சு நல்ல பேச்சு. எலி போனதும் நீங்க தீவுல எறங்கலாம்னாக. வடக்கு முனையில, சிவப்புக் கொடி நட்ட எடத்துல. சீசன் தொடங்குறப்ப எங்க வழக்கப்படி பொங்க வச்சுக்கிறலாம். ஆனா உங்க வல்லத்துல ஒரு எலி திரும்ப வந்தாலும் தீவ மூடிருவோம். எங்க திட்டத்து ஆளு தப்பால வந்தா தீவ மூட மாட்டோம், அதுக்கு நாங்களே பதில் சொல்லிக்கிறோம்னாக. இதுதான் பேச்சு. எழுதி வாசிச்சாக, நாப்பது பேரும் கையெழுத்துப் போட்டோம். நானும் போட்டேன்.

எலி போச்சா? போச்சு. அத நா இல்லைங்க மாட்டேன். ரெண்டு வருசம் மை தடவுன அட்டைய அங்கங்க வச்சுப் பாத்தாக. எலி நடந்தா காலடி பதியுமாம். நண்டுக் காலு பதிஞ்சுச்சு, பல்லிக் காலு பதிஞ்சுச்சு, எலிக் காலு பதியல. போன வருசம் நாங்க எறங்குறோம், சார், தலைக்கு மேல வானத்தையே காணோம். அம்புட்டு ஆலா. சேலைய ஒணத்தலாம்னு ரெண்டு எட்டு தள்ளிப் போனேன், காலுக்கிட்ட மணலு அசையுது. பாத்தா குஞ்சு. மணல் நெறத்துலயே இருக்கு. என்னப் பாத்து வாயத் தொறக்குது, நா என்னமோ மீன் கொண்டாந்த மாதிரி. சேலைய ஈரத்தோடயே கட்டிக்கிட்டுத் திரும்பி வந்துட்டேன். பிலோமினா ஏன்க்கா அழுகுறன்னு கேட்டா. உப்புத் தண்ணி கண்ணுல பட்டுருச்சுடின்னேன். அந்த வருசம் பாசியும் கொள்ளை. அது மழையால வந்தது, குருவியால இல்ல.

இப்ப இன்னாசி விசயத்துக்கு வாரேன். இன்னாசியத் திட்டத்துல காவலுக்குப் போட்டாக. காக்கிச் சட்டை. தீவுக்குப் போற எதுவா இருந்தாலும் கரையில வெள்ளை விரிப்புல கொட்டிப் பாக்கணும், அதான் வேலை. கஞ்சி வாளியத் தொற, பையக் கவுத்து, வலைய ஒதறு. நேத்து வரைக்கும் மதினி மதினின்னு எங்க வீட்டுல மீன் கொழம்பு வாங்கித் தின்னவன், என் மாத்துச் சேலையப் பிரிச்சுப் பாக்குறான். எனக்கு எப்படி இருக்கும்? நம்பிக்கை இல்லையான்னு கேட்டேன். நம்பிக்கைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல மதினி, எலி சொல்லிட்டா ஏறுதுன்னான். பேச்சப் பாத்தீகளா?

இந்த ஆனி மாசம் சீசன் தொறந்துச்சு. தீவுல அம்மாவுக்குப் பொங்க வைக்கணும். தீவுக்காரின்னு சொல்லுவோம். சிலை கெடையாது, பூவரச மரத்தடியில ஒரு கல்லுதான். சோடிக்கு ஒரு பானை. புதுப்பானை. குயவர் வீட்டுல வாய மூடி வைக்கோல் சுத்திக் கட்டித் தருவாக. அந்தக் கட்ட நடுவுல எங்கயும் அவுக்கக் கூடாது. பானை வாய அம்மாதான் மொதல்ல பாக்கணும், பொறவுதான் மனுச மக்க. இது எங்க ஆத்தா காலத்துக்கும் முந்துன வழக்கம். திட்டத்துக்காரக என்னாங்குறாகன்னா, வைக்கோலே கூடாதாம். பானைய அவுத்து, மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில வச்சுக் கொண்டாரணுமாம். மத்தவளுக எல்லாம் சரின்னுட்டாளுக. அம்மாவுக்குப் பயப்படாதவளுக. நா மாட்டேன்னுட்டேன். எங்க பானை பத்து நாளா எங்க வீட்டுல அரிசி மூட்டைக்குப் பக்கத்துல வைக்கோலோட பத்திரமா இருந்துச்சு. அப்படியே இடுப்புல தூக்கிக்கிட்டுப் போனேன்.

இன்னாசி பாத்தான். பாத்துட்டு விட்டான். அவ்வளவுதான் நடந்துச்சு.

தீவுல எறங்கி, பூவரசுக்குக் கீழ பானைய வச்சு, நானும் பிலோமினாவும் சேந்து வைக்கோல அவுத்தோம். அப்ப ஒரு நண்டு ஓடுச்சு. பிலோமினா கத்திட்டா. நண்டுடி, எதுக்குக் கத்துறன்னேன். அவ அது போன பக்கமே பாத்துக்கிட்டு நின்னா. நாங்க பொங்க வச்சோம், நல்லா பொங்குச்சு, நொரை கெழக்குப் பக்கம் வழிஞ்சுச்சு. அம்மாவுக்கு மனக்கொறை இல்லைன்னுதானே அர்த்தம்?

ஒரு மாசம் கழிச்சு மேடம் கரைக்கு வந்து நிக்குது, மொகத்துல ரத்தமே இல்ல. மை அட்டையில எலிக் காலு. அதுவும் பூவரசு பக்கத்துல. ஒரு பொட்டை எலி குட்டி போட்டிருக்கு. வயித்துப் புள்ளையோட ஒண்ணு வந்தாப் போதுமாம். அந்தப் பக்கத்து முட்டை பூராம் கடிச்சுப் போட்ட ஓடு. நானும் போய்ப் பாத்தேன். குஞ்சுக கழுத்த மட்டும் கடிச்சுப் போட்டிருக்கு, தின்னக் கூட இல்ல. மேடம் மணல்ல உக்காந்து அழுதுச்சு. எனக்கு ஒடனே பொறி தட்டிருச்சு. இவுகளே ஒரு எலியக் கொண்டாந்து விட்டுருக்காக. எதுக்கு? எங்கள வெரட்ட. அழுதது நடிப்பு. நடிப்பு இல்லாட்டி அம்புட்டு நேரம் ஒருத்தரு அழ முடியுமா?

விசாரணை வச்சாக. பொம்பளைக வல்லத்துலதான் வந்திருக்கும், தீவ மூட வேண்டியதுதான்னு ஒரு ஆபீசரு பேசுறாரு. நாப்பது பேரும் மூஞ்சி செத்து உக்காந்திருக்கோம். அப்ப இன்னாசி எந்திரிச்சான். சார், என் அரிசி மூட்டையில வந்துச்சு, தீவுல இருக்குற காவல் குடிசைக்குக் கொண்டுபோனப்ப நா பிரிச்சுப் பாக்கல, தப்பு என்னோடதுன்னான்.

பாத்தீகளா? அவனே ஒத்துக்கிட்டான்! செய்யாதவன் ஒத்துக்குவானா? நீங்க சொல்லுங்க. நா அப்பவே எந்திரிச்சு, ஆமா சார், மூட்டையில ஓட்டை இருந்துச்சு, நா பாத்தேன்னு சொன்னேன். பாத்தீங்களாம்மான்னு ரெண்டு தரம் கேட்டாக. பாத்தேன்னு ரெண்டு தரம் சொன்னேன். பாத்த மாதிரித்தான் இருந்துச்சு.

தீவ மூடல. அன்னைக்கே அவன் காக்கிச் சட்டையக் கழட்டிட்டாக. ஊருல பாதி அவனக் குருவியக் கொன்னவன்ங்குது. போன வாரம் கரையில எதுக்க வந்தான். நா மொகத்தத் திருப்பிக்கிட்டேன். அவன் நின்னு, விடுங்க மதினி, பொம்பளைகளுக்கு ஒதுங்க எடம் வேணும்ல, அப்படின்னுட்டுப் போறான். அதுக்கும் இதுக்கும் என்னா சம்பந்தம்? என்னமோ உள்ள வச்சுக்கிட்டுப் பேசுறான். ஒரு கோவம் இல்ல, ஒரு ஏச்சு இல்ல. கோவப்படாத ஆள நம்பவே கூடாது சார்.

பிலோமினா என்கூட முங்க வாரதில்ல இப்ப. கேட்டா வேற சோடி போட்டுட்டேன்க்காங்குறா. அவ புருசன் தப்புப் பண்ணுனதுக்கு எம்மேல எதுக்கு வருத்தம்? எனக்கு எண்ண ஆளில்ல. முழங்காலுத் தண்ணியில நின்னு, அலை ஒதுக்குற பாசியப் பெறக்கிக்கிட்டுத் திரியுறேன்.

உச்சிப்புளி தாண்டிட்டோமா? சரி, இந்தா பேப்பரு. உள்ளத உள்ளபடி வாசிங்க. கூட்டாதீக, கொறைக்காதீக. நா உங்க ஒதட்டையே பாத்துக்கிட்டு இருப்பேன்.

ம். ம். அது பேரு ஊரு. ம். அரிசி மூட்டையில வந்துச்சு... சரி. நம்புவள்ளி என்பவர் பாத்தாரு... சரிதான், அதத்தான் நா சொன்னேன். மேல வாசிங்க.

என்னா?

திரும்ப ஒரு தரம் வாசிங்க. மெதுவா.

'பெண்கள் கொண்டுவந்த பானைகள் அனைத்தையும் நானே என் கையால் பிரித்துப் பார்த்தேன். எதிலும் வைக்கோல் இல்லை. பெண்கள் தரப்பில் எந்தத் தவறும் இல்லை.' இப்படியா எழுதியிருக்கு? இன்னாசி சொன்னதா எழுதியிருக்கா? கீழ அவன் கையெழுத்து இருக்கா? எங்க, காட்டுங்க. ஆமா, அவனுதுதான். கோழி கிண்டுன மாதிரி இருக்கும் அவன் கையெழுத்து.

அவன் பிரிக்கலையே தம்பி.

நா பாத்தான் விட்டான்னு சொன்னேன்ல, அது... அவன் வைக்கோல்ல கை வைக்கத்தான் வந்தான். நா பானையப் பின்னால இழுத்துக்கிட்டேன். நேத்துத்தான் வீட்டுல பிரிச்சு, ஒதறி, திரும்பக் கட்டுனேன் இன்னாசி, தீவுக்காரி மேல சத்தியம்னு சொன்னேன். அவன் எம் மொகத்தையே பாத்தான். நீங்க சொன்னாச் சரி மதினின்னு விரிப்பச் சுருட்டுனான். நா பிரிக்கல. பிரிக்கக் கூடாதே தம்பி, அம்மாதானே மொதல்ல பாக்கணும். அம்மாவுக்காக அம்மா மேலயே பொய்ச் சத்தியம் பண்ணிட்டேன்.

ஏன் தம்பி அவன் என்னக் காட்டிக் குடுக்கல? நானும் எத்தனையோ நாளா யோசிக்கிறேன், என்ன சூழ்ச்சின்னு. ஆதாயம் இல்லாம ஒருத்தன் தன் பேரக் கெடுத்துக்குவானா? அவனுக்கு இதுல என்னா கெடைக்கும்? ஒண்ணும் இல்லையே. எப்படித் திருப்பிப் பாத்தாலும் ஒண்ணும் இல்லையே.

இதுல நா கையெழுத்துப் போட்டா அவன் பேரு கெட்டது கெட்டதுதான். போடாம உள்ளதச் சொன்னேன்னா நாப்பது பொம்பளைகளும் திரும்ப வல்லத்துல அடக்கிக்கிட்டு உக்காரணும். அதுல பிலோமினாவும் ஒருத்தி.

பாரதி நகரா இது? அடுத்து நா எறங்கணும். பேப்பர மடிச்சுக் குடுங்க. இல்ல, ஒரு நிமிசம் நீங்களே வச்சிருங்க.

அது நண்டா இருந்துச்சுன்னா ஒரு தொல்லையும் இல்ல தம்பி. நண்டுதான். பழுப்பா, கையளவு இருந்துச்சு. வைக்கோல்ல இருந்து விழுந்து, பூவரசுக்குப் பின்னால ஓடிப் பொதருக்குள்ள போயிருச்சு. ஆனா நேராப் போச்சு. நண்டு குறுக்கதானே ஓடும்? நாப்பது வருசமா கடல்ல கெடக்கேன், குறுக்க ஓடாத நண்ட நா பாத்ததில்ல. நீங்க படிச்சவரு, நாலு ஊரு பாத்தவரு. கண்டக்டரு கத்துனாக் கத்தட்டும், யோசிச்சுச் சொல்லுங்க. எங்கயாச்சும், எந்தக் கடல்லயாச்சும், நேரா ஓடுற நண்டு ஒண்ணு இருக்கா தம்பி? இருக்குன்னு மட்டும் சொல்லுங்க, நா எறங்கிப் போயிர்றேன்.